பதினைந்தாயிரம் கூடுதலாகக் கொடுத்தால் ஓவர்கிளாக்கும் கூடுமா?

வேலூரிலிருந்து 26 வயதுத் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பகலில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட்டிங். இரவில் வீட்டுக் கணினியில் சொந்தமாகப் பிடித்த ஆர்டர்கள். அது முடிந்தால் ஒரு மணி நேரம் கேம். ஒன்றேகால் வருடமாகச் சேர்த்த பணத்தில் ஆர்டிஎக்ஸ் 5070 கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறார். கடையில் மூன்று மாடல்களுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். இரண்டு ஃபேன் வைத்த சாதாரண மாடல் 56,000 ரூபாய். மூன்று ஃபேன் வைத்த நடுத்தர மாடல் 60,000. பெட்டியில் பெரிதாக ‘ஓசி’ (ஓவர்கிளாக், அதாவது சிப்பைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) என்று போட்ட உச்ச மாடல் 71,000.

அவர் கேட்பது இது: “மூன்றிலும் ஒரே சிப்தான். எது அதிகம் ஓவர்கிளாக் ஆகும்? எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் உச்ச மாடலை 3,250 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற்றிய ஸ்கிரீன்ஷாட் போட்டார். யூடியூபில் பார்த்த ஒப்பீட்டில் சாதாரண மாடல் 3,105, உச்ச மாடல் 3,180. உச்ச மாடலை வாங்கி ஏற்றிவிட்டால் அடுத்த பெரிய கார்டான 5070 டிஐ வேகம் வந்துவிடும் என்பது என் கணக்கு. டிஐ 78,000 சொல்கிறார்கள், 7,000 மிச்சம். இல்லையென்றால் சாதாரண மாடலை வாங்கி அதில் உச்ச மாடலின் பயாஸை (கார்டுக்குள் எழுதப்பட்டிருக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றலாமா? ஆன்லைனில் இரண்டு கார்டு வரவழைத்து, நன்றாக ஏறுவதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பலாமா? ஓவர்கிளாக் செய்தால் வாரண்டி போய்விடுமா? பில் வேண்டாம் என்றால் 2,500 குறைப்பதாகவும் கடைக்காரர் சொல்கிறார்.” கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், தன் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) 550 வாட், வாங்கி நான்கு வருடம் ஆகிறது என்றும், அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஏசி இல்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த இரண்டு விஷயங்களும்தான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில். பழைய 550 வாட் எஸ்எம்பிஎஸ், ஏசி இல்லாத மாடி அறை. இந்த இரண்டும் அப்படியே இருக்க, 71,000 ரூபாய் கார்டுக்கும் 56,000 ரூபாய் கார்டுக்கும் உங்கள் வீட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏன் என்று சொல்கிறேன். பதினெட்டு வருடமாக கார்டு கழற்றி மாட்டி, சிப் மாற்றிப் பிழைக்கிறவன் நான். உங்களைப் போலச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொண்டுவருகிறவர்களின் பணம் தப்பான இடத்தில் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த யூடியூப் கணக்கு. 3,105க்கும் 3,180க்கும் இடையே 75 மெகாஹெர்ட்ஸ். சதவீதத்தில் இரண்டரை கூட இல்லை. ஒரு கேம் விநாடிக்கு 80 ஃபிரேம் ஓடுகிறது என்றால், இந்த 75 மெகாஹெர்ட்ஸ் முழுதாகப் பலன் கொடுத்தாலும் இரண்டு ஃபிரேம்கூடத் தேறாது. முழுதாகப் பலன் கொடுக்கவும் கொடுக்காது. மெமரியும் பிராசஸரும் அதே வேகத்தில்தான் இருக்கின்றன. விலையில் நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 27 சதவீதம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அந்த ஒப்பீட்டைச் செய்தவரிடம் ஒவ்வொரு மாடலிலும் ஒரே ஒரு கார்டுதான் இருந்திருக்கும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். கிராபிக்ஸ் சிப்புக்கு அது பொருந்தாது. ஒரே வேஃபரில் (சிலிக்கான் தட்டில்) வெட்டிய சிப்புகளில்கூட ஒன்று குறைந்த வோல்டேஜில் வேகமாக ஓடும், இன்னொன்று அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். ஒரு கேமிங் சென்டருக்காக ஒரே மாடலில், அடுத்தடுத்த சீரியல் நம்பர் உள்ள இரண்டு கார்டுகளை நான் ஒரே நாளில் பூட்டினேன். ஒன்று கோரில், அதாவது சிப்பின் வேகத்தில், 210 மெகாஹெர்ட்ஸ் கூட்டியும் அசையாமல் ஓடியது. மற்றது 135 தாண்டியதும் கேம் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிட்டது. ஒரே மாடலுக்குள்ளேயே 75 மெகாஹெர்ட்ஸ் வித்தியாசம்! நீங்கள் பார்த்த பட்டியலிலும் அதே 75தான். ஆகவே அந்தப் பட்டியல் சாதாரண மாடலையும் உச்ச மாடலையும் ஒப்பிட்டதா, இல்லை இரண்டு சிப்புகளின் யோகத்தை ஒப்பிட்டதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வாட்ஸ்அப் நண்பரின் 3,250 பற்றியும் கேட்டுப் பாருங்கள். எந்த கேம், எவ்வளவு நேரம், அறையில் எவ்வளவு வெயில், கார்டு அப்போது எத்தனை வாட் இழுத்தது? கேமின் மெனுவில் நிற்கும்போது கார்டு லேசான வேலைதான் செய்யும், எண் மேலே போய் நிற்கும். ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் கணக்கிட்டு வரையும் கனமான வேலை) போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டால் அதே கார்டு எங்கே இறங்கி நிற்கிறதோ, அதுதான் அதன் வேகம். ஸ்கிரீன்ஷாட் உச்சியைத்தான் காட்டும்.

உங்கள் மனதில் இருக்கும் ஓவர்கிளாக் பழைய காலத்து ஓவர்கிளாக் என்று நினைக்கிறேன். 2012 ஜனவரியில் வந்த ரேடியான் எச்டி 7950 கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி வைத்த வேகம் 800 மெகாஹெர்ட்ஸ். 1,100 வரை ஏற்றியவர்கள் ஏராளம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வேகம் சும்மா கிடைத்த காலம் அது. அதே 2012 மார்ச்சில் ஜிடிஎக்ஸ் 680 உடன், உங்கள் 5070 சிப்பையும் செய்யும் என்விடியா ‘ஜிபியு பூஸ்ட்’ கொண்டுவந்தது. அன்றிலிருந்து கார்டு தன்னைத்தானே ஓவர்கிளாக் செய்துகொள்ளத் தொடங்கிவிட்டது. சூடு, வாட், வோல்டேஜ் மூன்றையும் பார்த்துக்கொண்டே, இடம் இருக்கும் வரை தானாக மேலே போகும். 5070க்குக் கம்பெனி சொல்லும் பூஸ்ட் வேகம் 2,512 மெகாஹெர்ட்ஸ். மாட்டிப் பாருங்கள், கேமில் நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே அதற்கு மேல் ஓடும். நாம் கையால் ஏற்றுவது மிச்சம் மீதி இருப்பதைத்தான். அந்த மிச்சம், 5070 அடங்கிய 50 வரிசை கார்டுகளில் முந்தைய தலைமுறையைவிடச் சற்று தாராளம் என்பது உண்மை; 3,000 தாண்டுவது சகஜம். ஆனாலும் கையில் கிடைப்பது, என் அனுபவத்தில், ஏழெட்டு சதவீதம். நல்ல சிப் அமைந்தால் பத்து.

இப்போது உங்கள் டிஐ கணக்கைப் பாருங்கள். 5070இல் 6,144 கூடா கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 5070 டிஐயில் 8,960. கிட்டத்தட்ட 46 சதவீதம் அதிகம். மெமரி வழித்தடம் 192 பிட்டுக்குப் பதில் 256 பிட். விநாடிக்கு 672 ஜிபிக்குப் பதில் 896 ஜிபி. மெமரி 12 ஜிபிக்குப் பதில் 16. சிப்பே வேறு. கேமில் இது 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசமாக வந்து நிற்கும். பத்து சதவீத ஓவர்கிளாக் அதை எட்டாது. டிஐயையும் ஓவர்கிளாக் செய்யலாம் என்பதை மறந்துவிட்டீர்கள். 71,000 கொடுக்கத் தயார் என்றால் இன்னும் 7,000 சேரும் வரை பொறுத்து டிஐ வாங்குவது பற்றி யோசியுங்கள். 5070இன் உச்ச மாடல் 7,000 மிச்சம் பிடித்துத் தராது.

ஒரே சிப் உள்ள கார்டுகளை எதை வைத்து ஒப்பிடுவது?

மெகாஹெர்ட்ஸை வைத்து இல்லை. நான் பார்க்கும் வரிசை இது.

வாட் வரம்பு. 5070க்கு என்விடியா வைத்திருப்பது 250 வாட். சாதாரண மாடல்கள் பலவற்றில் ஆஃப்டர்பர்னர் என்ற ஓவர்கிளாக் மென்பொருளில் பவர் லிமிட் பட்டையை 100க்கு மேல் நகர்த்தவே முடியாது. விலை கூடிய மாடல்களில் கொஞ்சம் மேலே போகவிடுவார்கள். கடையில் கேட்டால் தெரியாது என்பார்கள். டெக்பவர்அப் தளத்தில் கார்டுகளின் பயாஸ் தொகுப்பு இருக்கிறது. அதில் நீங்கள் வாங்கப்போகும் மாடலைத் தேடினால் வழக்கமான வாட் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று இரண்டு எண்களும் இருக்கும். மூன்று மாடலுக்கும் இதை எழுதிவைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஓவர்கிளாக் திறனை வாங்குவதற்கு முன்பே ஓரளவு சொல்லக்கூடிய எண் இது ஒன்றுதான்.

ஆனால் அந்தக் கூடுதல் வாட் உங்களுக்குப் பயன்படுமா என்பது தனிக் கேள்வி. ஜிபியு-இசட் மென்பொருளில், கார்டின் வேகத்தை எது தடுத்து நிறுத்துகிறது என்று காட்டும் ஒரு வரி உண்டு. கேம் ஓடும்போது அதில் பவர் என்று வந்தால், வாட் வரம்பு உயர்ந்த கார்டு உதவும். வோல்டேஜ் என்று வந்தால், எத்தனை ஆயிரம் கூடக் கொடுத்தாலும் உதவாது. ஏனென்றால் வோல்டேஜின் உச்சவரம்பை என்விடியாவே பூட்டிவைத்திருக்கிறது. மூன்று மாடலுக்கும் ஒரே பூட்டு. உச்ச மாடலின் பெட்டியில் ‘இத்தனை ஃபேஸ் விஆர்எம்’ (சிப்புக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) என்று போட்டிருப்பார்கள். நல்ல பாகங்கள்தான், சூடாகாமல் ஓடும். ஆனால் சிப்புக்கு ஒரு மில்லிவோல்ட் கூடக் கூடுதலாகக் கொடுக்க அதற்கு அனுமதி இல்லை.

குளிர்ச்சி. உங்கள் அறைக்கு இதுதான் முதலிடம். வெளிநாட்டு விமர்சகர் அறையில் 22 டிகிரி. மே மாதம் வேலூரில், மொட்டை மாடிக்குக் கீழே, இரவு ஒன்பது மணிக்கும் 36, 37 இருக்கும். ஃபேன் வைத்த எந்த கார்டும் அறையின் காற்றைத்தான் உறிஞ்சித் தன்மேல் விட்டுக்கொள்கிறது. அங்கே 65 காட்டிய கார்டு உங்கள் வீட்டில் 80 காட்டும். சூடு ஏற ஏற கார்டு படிப்படியாகத் தன் வேகத்தை இறக்கிக்கொண்டே வரும். சூடான சிப்பில் மின்கசிவும் கூடும். அதே வேகத்துக்கு அதிக வாட் இழுத்து, வாட் வரம்பையும் சீக்கிரமே முட்டும். டிசம்பரில் நிலையாக இருந்த ஓவர்கிளாக் ஏப்ரலில் கேமை மூடிவிடுகிறது என்று என்னிடம் வருடாவருடம் கார்டு வரும். கார்டில் பழுதே இருக்காது.

இந்த ஒரு காரணத்துக்காகத்தான் மூன்று ஃபேன் வைத்த நடுத்தர மாடலை நான் சொல்வேன். 4,000 ரூபாய்க்குப் பெரிய ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) கிடைக்கிறது, சத்தம் குறையும். அதற்கு மேல் 11,000 கொடுத்து உச்ச மாடலுக்குப் போனால் இன்னும் கொஞ்சம் சத்தம் குறையும், இரண்டு பயாஸ் சுவிட்ச் கிடைக்கலாம், விளக்கு அழகாக எரியும். கெட்ட கார்டு என்று சொல்ல மாட்டேன். உங்கள் பட்ஜெட்டுக்கு அது தேவையில்லை.

மெமரி. கோரை மட்டுமே எல்லோரும் பேசுகிறோம், ஆனால் சில நேரம் மெமரியில்தான் விஷயம் இருக்கும். ஜிடிஎக்ஸ் 1660, 1660 சூப்பர் இரண்டையும் நினைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே 1,408 கோர்கள், அதே 1,785 பூஸ்ட். மாறியது மெமரி மட்டும். ஜிடிடிஆர்5 போய் ஜிடிடிஆர்6 வந்தது. விநாடிக்கு 192 ஜிபி 336 ஜிபி ஆனது. அதற்கே கேம்களில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடியது. போட்டிக் கம்பெனியான ஏஎம்டியும் ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி கார்டின் அதே சிப்பில், 16 ஜிகாபிட் மெமரியை 18 ஆக்கி, 230 வாட்டை 250 ஆக்கி, 2022இல் 6750 எக்ஸ்டி என்று விற்றது. கம்பெனியே செய்த ஓவர்கிளாக் அது.

உங்கள் 5070இன் மெமரி 28 ஜிகாபிட் ஜிடிடிஆர்7. அதை 30க்கு ஏற்றினால் 672 ஜிபி 720 ஆகும். மூன்று மாடலிலும் இதே மெமரிதான், ஏறும் அளவு அந்தந்த கார்டின் யோகம். ஒரு எச்சரிக்கை மட்டும். பழைய கார்டுகளில் மெமரியை அதிகம் ஏற்றினால் திரையில் புள்ளி புள்ளியாக வந்து காட்டிக்கொடுக்கும். புதிய மெமரியில் பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் ஏற்பாடு இருப்பதால் திரை சுத்தமாகவே இருக்கும், ஆனால் திருத்துவதிலேயே நேரம் போய் வேகம் குறையும். ஆகவே ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு படியிலும் ஃபிரேம் எண்ணிக்கையைக் குறித்துவாருங்கள். கூடுவது நின்று குறையத் தொடங்கும் இடம் தெரியும், அதற்கு ஒரு படி கீழே நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிப்பின் யோகம் நான்காவது. இதை ஒப்பிடவும் முடியாது, காசு கொடுத்து வாங்கவும் முடியாது. உச்ச மாடலுக்குச் சிப்பைப் பொறுக்கி வைக்கிறார்கள் என்பார்கள். பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஓடும் அளவுக்குச் சோதித்திருப்பார்கள், அவ்வளவுதான் உங்களுக்கு உறுதி. அதற்கு மேல் எவ்வளவு ஏறும் என்று எந்தக் கம்பெனியும் எழுதித் தருவதில்லை.

பயாஸ் மாற்றுவதும், இரண்டு வாங்கி ஒன்றைத் திருப்புவதும்

பயாஸ் யோசனையை விட்டுவிடுங்கள் தம்பி. 2016இல் பாஸ்கல் தலைமுறை வந்ததிலிருந்து என்விடியா பயாஸ் கையொப்பமிடப்பட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது, நாம் உள்ளே புகுந்து மாற்ற முடியாது. இன்னொரு மாடலின் பயாஸை அப்படியே ஏற்றச் சிலர் வழி கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் அந்தப் பயாஸ் மூன்று ஃபேன், வேறு பவர் சர்க்யூட், வேறு டிஸ்ப்ளே போர்ட் வரிசை இவற்றை எதிர்பார்த்து எழுதப்பட்டது. உங்கள் இரண்டு ஃபேன் கார்டில் ஒரு ஃபேன் சுற்றாமல் நிற்கலாம், ஒரு போர்ட் செத்துப்போகலாம். எல்லாம் சரியாக அமைந்தாலும், சின்ன ஹீட் சிங்க்கின் தலையில் கூடுதல் வாட்டை ஏற்றுகிறீர்கள். பாதியில் கரண்ட் போனால் கார்டு செத்த மாதிரிதான், என்னைப் போன்ற ஒருவரிடம் கொண்டுவந்து சிப்பைத் தனியாக எழுத வேண்டிவரும். வாரண்டியும் அத்தோடு முடிந்தது.

இரண்டு கார்டு வரவழைக்கும் திட்டம் இன்னொரு வகையில் தவறு. நன்றாக ஓடும் பொருளை மனசு மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை நம் நுகர்வோர் சட்டத்தில் பொதுவாக இல்லை. விற்பவர் தன் விதியில் இடம் கொடுத்தால் உண்டு. பெரும்பாலும் ‘பழுதாக இருந்தால் மட்டும்’ என்றுதான் போட்டிருப்பார்கள். அப்படியென்றால் பழுது என்று நீங்கள் பொய் சொல்ல வேண்டும். சோதித்துச் சூடேற்றிய அந்தப் பெட்டி இன்னொரு தம்பி கைக்கு, அவரும் ஒன்றேகால் வருடம் சேர்த்த பணத்துக்கு, புதியது என்று போகும். உங்களுக்குக் கிடைப்பதோ இரண்டு மூன்று சதவீதம். வேண்டாம்.

எது பழுது, எது பழுதில்லை என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். கார்டு 3,000 ஏறவில்லை என்பது பழுதில்லை. பெட்டியில் போட்ட வேகத்தில், நீங்கள் எதையும் தொடாமல், கேம் மூடிக்கொள்கிறது என்றால் அது பழுது. ‘ஓசி’ மாடல் தன் சொந்த வேகத்தில் தடுமாறினால் அதுவும் பழுதுதான். ‘50 மெகாஹெர்ட்ஸ் குறைத்து ஓட்டுங்கள்’ என்று கடையில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வாரண்டியும் பில்லும்

ஆஃப்டர்பர்னரில் நகர்த்துவது விண்டோஸில் இருக்கும் ஓர் அமைப்பு, கார்டுக்குள் எதையும் எழுதுவதில்லை. கார்டு கம்பெனிகளே தங்கள் மென்பொருளில் ஓவர்கிளாக் பட்டை வைத்துத்தான் தருகிறார்கள். ஆகவே அந்தப் பட்டையைத் தொட்ட நிமிடமே வாரண்டி செத்துவிடும் என்பது சரியில்லை. ஆனால் ‘ஓவர்கிளாக்கால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை’ என்று பல வாரண்டி அட்டைகளில் ஒரு வரி இருக்கும். நீங்கள் வாங்கும் மாடலின் அட்டையை வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள். சர்வீஸில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். வோல்டேஜ் பூட்டுக்குள், வாட் வரம்புக்குள் ஓடிய கார்டு ஓவர்கிளாக்கால் எரிந்து என் மேசைக்கு வந்தது அபூர்வம். வந்தவை எல்லாம் தூசி அடைத்தது, ஃபேன் நின்றது, எஸ்எம்பிஎஸ் கெட்டது, கனெக்டர் சரியாக மாட்டாதது.

பில் விஷயத்தில் நான் கறாராகச் சொல்கிறேன். 2,500 ரூபாய்க்கு பில்லை விட்டுக்கொடுக்காதீர்கள். சட்டம் என் தொழில் இல்லை, ஆனால் இது என் கவுண்டரில் தினமும் வருகிற பிரச்சினை. பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. பழுதான பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். இதற்கெல்லாம் கையில் இருக்க வேண்டியது பில். பில் இல்லாமல் குறைத்துக் கொடுக்கும் கார்டு அதிகாரபூர்வ இறக்குமதியில் வந்ததுதானா என்பதும் எனக்குச் சந்தேகம். அப்படி இல்லையென்றால் இங்கே உள்ள சர்வீஸ் சென்டர் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடுவார்கள்.

அந்த 11,000 ரூபாயை எங்கே வைப்பது

உச்ச மாடலுக்குக் கொடுக்கவிருந்த கூடுதல் பணத்தில் முதலில் எஸ்எம்பிஎஸ் மாற்றுங்கள். 5070க்கு என்விடியா சொல்வது 650 வாட், டிஐக்கு 750. பின்னால் மாறும் எண்ணம் இருப்பதால் 750 வாங்கிவிடுங்கள். ஏழெட்டாயிரத்தில் நல்லதே கிடைக்கும். ஒரு மாதம் முன்னால் ஒரு கார்டு வந்தது. ‘கேம் போட்டால் திரை கருப்பாகிவிடுகிறது’ என்றார் கொண்டுவந்தவர். பவர் சாக்கெட்டை லென்ஸில் பார்த்தேன். ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் டீக்கறை நிறத்தில் இருந்தது, அந்தப் பின் மற்றதைவிட மங்கலாக இருந்தது. பழைய எஸ்எம்பிஎஸ். ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரண்டு எட்டுப் பின் தலைகளையும் கார்டின் 16 பின் அடாப்டரில் செருகியிருந்தார். கார்டு கேட்ட மின்சாரம் முழுவதும் அந்த ஒற்றைக் கேபிள் வழியாகவே போயிருக்கிறது. உங்களிடமும் அப்படிப்பட்ட கேபிளாக இருக்க வாய்ப்பு அதிகம். புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் இதற்கென்றே 16 பின் கேபிள் நேராக வரும்படி வாங்குங்கள். செருகும்போது டக் என்று உட்காரும் வரை அழுத்துங்கள். கனெக்டரின் தோளுக்கும் சாக்கெட்டுக்கும் இடையே ஒரு நகக்கண் அளவுகூட இடைவெளி தெரியக்கூடாது. கனெக்டரை ஒட்டியே கேபிளை மடக்காதீர்கள்.

மீதியில் கேபினெட்டின் முன்பக்கம் இரண்டு ஃபேன். அறையில் ஜன்னலைத் திறந்து, கேபினெட்டைச் சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வையுங்கள். இந்தச் செலவில் கிடைக்கும் குளிர்ச்சி எந்த ‘ஓசி’ ஸ்டிக்கரிலும் கிடைக்காது.

அப்புறம், உங்கள் பிழைப்பு. இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். எடிட்டிங்கில் ஓவர்கிளாக் தரும் லாபம் மிகக் குறைவு. உங்கள் கேமராவில் 10 பிட் 4:2:2 (நிறத் தகவல் கூடுதலாக உள்ள பதிவு முறை) எடுக்கிறீர்கள் என்றால், அதைக் கார்டே நேரடியாக டிகோட் செய்யும் (பிரித்துப் படிக்கும்) வசதி 50 வரிசையில் வந்திருக்கிறது. டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடுவது அதனால்தான். அது சிப்பில் தனிப் பகுதி, மூன்று மாடலிலும் ஒன்றே. 12 ஜிபி மெமரியையும் ஓவர்கிளாக் செய்து 16 ஆக்க முடியாது. இப்போது இருக்கும் கார்டில், உங்கள் மிகக் கனமான 4கே புராஜெக்டை நாய்ஸ் ரிடக்ஷனோடு போட்டு, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு மெமரி எவ்வளவு போகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். கார்டின் அளவு முழுதும் நிரம்பி வழிகிறது என்றால் உச்ச மாடலும் வேண்டாம், நடுத்தர மாடலும் வேண்டாம். இன்னும் இரண்டு முகூர்த்த மாதம் பொறுத்து 5070 டிஐக்கே போங்கள். அதில் மெமரியும் அதிகம், எக்ஸ்போர்ட்டுக்கு வீடியோவைச் சுருக்கி எழுதும் என்கோடர் பகுதியும் ஒன்றுக்குப் பதில் இரண்டு.

நிரம்பவில்லை என்றால் 60,000 ரூபாய் மாடல் போதும். ஓவர்கிளாக் ஆசையை நான் கெடுக்கவில்லை. ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி நிதானமாகச் செய்யுங்கள். முதலில் எதையும் தொடாமல் இரண்டு கேம் ஓட்டி, ஃபிரேம், சூடு, வாட் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பவர் பட்டையை எவ்வளவு போகுமோ அவ்வளவு தள்ளுங்கள். கோரை 25, 25 ஆகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ரே டிரேசிங் உள்ள கேமில் இருபது நிமிடம். மூடிக்கொண்டால் 45 குறைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு மெமரியை மட்டும் தனியாக. இரண்டையும் சேர்த்து ஏற்றினால் எது கெடுக்கிறது என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். கடைசியில் 3டிமார்க் என்ற சோதனை மென்பொருளில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட். அது 97 சதவீத நிலைத்தன்மை கேட்கும். அதில் தேறினாலும், மே மாதம் மத்தியானம் ஒருமுறை மறுபடியும் ஓட்டிப் பாருங்கள்.

ஆஃப்டர்பர்னரில் ஐந்து புரொஃபைல் இடம் உண்டு. ஒன்றில் கேமுக்கான ஓவர்கிளாக். இன்னொன்றில் வேலைக்கு, ஓவர்கிளாக் இல்லாமல், முடிந்தால் வோல்டேஜைக் குறைத்து வைத்த அமைப்பு. என் மேசையில் பார்த்தவரை வோல்டேஜ் குறைத்தால் நாற்பது ஐம்பது வாட் மிச்சமாகிறது, வேகம் ஓரிரண்டு சதவீதமே குறைகிறது. ராத்திரி முழுக்க எக்ஸ்போர்ட் ஓடும்போது உங்கள் அறையில் அந்த வித்தியாசம் உடம்புக்கே தெரியும். ஓவர்கிளாக்கில் ரெண்டர் போட்டு, தாலி கட்டும் நேரத்தில் ஒரு ஃபிரேம் பச்சையாக வந்துவிட்டால், பெண் வீட்டாருக்கு மெகாஹெர்ட்ஸ் கணக்கெல்லாம் சொல்ல முடியாது. அந்த புரொஃபைலையும் நிலையாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டே வேலைக்குப் போடுங்கள்.

கார்டு கைக்கு வந்ததும் பெட்டியில் உள்ள சீரியல் நம்பர், கார்டின் பின்னால் உள்ள நம்பர், பில்லில் எழுதியிருக்கும் நம்பர் மூன்றும் ஒன்றுதானா என்று கடையிலேயே நின்று பாருங்கள். மூன்றையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியையும் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சையும் வாரண்டி முடியும் வரை பரண்மேல் வைத்திருங்கள், அனுப்ப வேண்டி வந்தால் அதில்தான் அனுப்ப வேண்டும்.